கீரிமலைக்குப் போன வேட்டி

எனக்கு வைத்த ஒப்பாரியை நானே கேட்டிருக்கிறேன்.

எல்லாருக்கும் கிடைக்கிற பாக்கியம் இல்லை அது. சுண்ணக்கல் பாறைக்குக் கீழே இருந்த ஒரு பொந்துக்குள், கழுத்தளவு குளிர் தண்ணீரில், இரண்டு கையாலும் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலுக்கு ஒரு சின்னக் கல் விளிம்பு அகப்பட்டிருந்தது. அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. என் தலைக்கு நேர்மேலே, அதே பாறையில் குந்தியிருந்து, என் அம்மா நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருந்தார்.

“என்ரை ராசா! மாப்பிள்ளைக் கோலத்தோடை போயிட்டியேடா!”

மாப்பிள்ளைக் கோலம் என்றது எனக்குச் சுருக்கென்று பட்டது. அந்த நேரம் என் உடம்பில் இடுப்பு அறுணாக்கொடியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

பிள்ளைகளே, போன கிழமைப் பத்திரிகையில் புகையிலை நடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு முந்தின கிழமையும் புகையிலைதான். மகள் வாசித்துவிட்டு, “அப்பா, அம்மாவை எப்ப எழுத்திலை கொண்டுவரப் போறியள்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆகையால் இந்தக் கிழமை உங்கள் அம்மா வருகிறார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்துவார். நடந்ததைத் திருத்த அவராலும் ஏலாது.

இடிந்த கூரை

எங்கள் ஊரில் ஆறு இல்லை. குளம் என்று பெயருக்கு ஒன்று உண்டு. கோடையில் அதற்குள் மாடு மேயும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சைக்கிள் மிதிக்க வேண்டும். மேலே சிவப்பு மண், அதற்குக் கீழே சுண்ணக்கல், கல்லுக்குள்ளே பொந்து பொந்தாகத் தண்ணீர். எந்தக் காலத்திலோ அந்தப் பொந்து ஒன்றின் கூரை இடிந்து விழுந்திருக்கிறது. அப்படி உண்டான தண்ணீர்க் குழிக்கு இடிகுண்டு என்று பெயர். எங்கள் இடிகுண்டு வைரவர் கோயிலுக்குப் பின்னால் இருந்தது.

பானை மாதிரித்தான் அதன் அமைப்பு. வாய் சின்னது, வயிறு பெரியது. கோயில் பக்கம் பாறை தண்ணீருக்கு மேலே கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கம் ஆலமரத்தின் வேர் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அதற்கு அங்கால் முள்ளுப் பற்றை. காலையில் தண்ணீர் பச்சை. மத்தியான வெயில் நேரே விழும்போது நீலம். மேல் தண்ணீரில் தேத்தண்ணி போடலாம். வாளியை ஆழமாக இறக்கி எடுத்தால் உப்பு. காலை அசைக்காமல் வைத்திருந்தால் சின்ன மீன்கள் வந்து பெருவிரலைக் கொறிக்கும். கூச்சம் தாங்காமல் சிரித்தே தண்ணீர் குடித்தவர்கள் உண்டு.

நீட்டிக்கொண்டு நிற்கிற பாறையிலிருந்துதான் குதிப்போம். குதிப்பதற்கு வகைகள் இருந்தன. நெட்டையாக, கால் முதலில் இறங்குவது உலக்கை. அது பழகுகிறவர்களுக்கு. கையையும் காலையும் விரித்துக்கொண்டு விழுவது தவளை. அதை ஒருமுறை குதித்தவன் மறுமுறை குதிக்க மாட்டான். வயிறு பீற்றூட் நிறத்துக்கு வந்துவிடும். முழங்காலைக் கட்டிப்பிடித்து உருண்டையாக விழுவது பூசணிக்காய். பூசணிக்காயில் என்னை வெல்ல ஊரில் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. ஐயர் வைரவருக்குக் காட்டின கற்பூரம் என் தண்ணீர் பட்டு நூர்ந்திருக்கிறது. அன்றைக்கு அவர் சொன்ன மந்திரம் எந்த வேதத்திலும் இல்லை.

எந்த வகையாக இருந்தாலும் ஒரு விதி உண்டு. சாரத்தைக் காலுக்கு நடுவால் எடுத்துப் பின்னுக்கு இறுக்கிச் செருகி, கொடுக்குக் கட்டிக்கொண்டுதான் குதிக்க வேண்டும். மீறியவர்களின் சாரங்கள் இடிகுண்டின் அடியில் கிடக்கின்றன.

பாய்ந்து குதித்தால் எழும்பி வரும் இடத்தில் ஆலம் வேர் கைக்கு வரும். வேரைப் பிடித்து ஏறினால் கரை. இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் நீச்சல்.

சிரிக்காதீர்கள். எங்கள் அப்பாமாருக்கும் அதுதான் நீச்சல். வேர் இல்லாத தண்ணீர் உலகத்தில் இருக்கும் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

ஆசை மாமாவின் தேசிக்காய்

என் அம்மாவின் தம்பியை ஆசை மாமா என்று கூப்பிடுவோம். இடிகுண்டுக்கு அடியில் ஒரு சுரங்கம் இருக்கிறது, அது நிலத்துக்குக் கீழாலேயே ஓடி, கடற்கரையில் இருக்கிற கீரிமலைக் கேணியில் போய்த் திறக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. மற்றவர்கள் நம்பிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஆசை மாமா ஆராய்ச்சி செய்தார்.

ஒருநாள் இடிகுண்டுக்குள் தேசிக்காய் ஒன்றை, எலுமிச்சைதான், போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக் கீரிமலைக்கு மிதித்தார். அங்கே கேணியில் ஒரு தேசிக்காய் மிதந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு வந்து ஊர் முழுக்கக் காட்டினார்.

“மாமா, கீரிமலையிலை செத்தவீட்டுக் கிரியை செய்ய நாளாந்தம் சனம் வருகுது. அங்கை தேசிக்காய் மிதக்காத நாள் ஏது?” என்று கேட்டேன்.

“மணந்து பார்.”

மணந்தேன்.

“எங்கடை வளவுத் தேசிக்காய் மணக்கேல்லையோ?”



ஒரு கேள்வி மாப்பிள்ளை

இனி உங்கள் அம்மப்பா. உடுப்பிட்டியில் அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்தவர். ஒருமுறை அவருடைய கப்பல் தாண்டு போனது. மரத்துண்டு ஒன்றைப் பிடித்து நீந்தி அவர் தப்பினார். நீந்தத் தெரியாத சினேகிதன் கண் முன்னாலேயே போனானாம். அதன் பிறகு ஊரோடு வந்துவிட்டார். வந்த கையோடு மூன்று பெண்பிள்ளைகளையும் தொண்டைமானாற்றுத் தண்ணீரில் இறக்கி நீச்சல் பழக்கினார். ஊர் சிரித்தது. அவர் அதைக் காதில் போடவில்லை.

மூத்த மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோது, காணி எவ்வளவு, என்ன உத்தியோகம் என்று ஒன்றும் கேட்கவில்லை. தரகரிடம் ஒரே ஒரு கேள்வி: “பெடியனுக்கு நீந்தத் தெரியுமோ?”

அந்தக் காலத்தில் தோட்டக்கார மாப்பிள்ளைக்குச் சந்தையில் விலை இல்லை. எல்லாருக்கும் வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டியிருந்தது. எனக்கு வந்த சம்பந்தங்கள் வந்த வழியாலேயே போய்க்கொண்டிருந்தன. தரகர் குடைக்குள் செருகிக்கொண்டு வந்த பெண்ணின் படத்தைப் பார்த்தேன். படம் எடுத்தவரையே கேள்வி கேட்பதுபோல நேராகப் பார்க்கிற முகம். அதற்குப் பிறகு, புகையிலைக்குத் தண்ணீர் கட்டும்போது வாய்க்காலில் ஓடியதும் அந்த முகம்தான்.

“நீந்துவீரோ தம்பி?” என்றார் தரகர்.

“ஓம்” என்றேன். மனச்சுத்தியோடுதான் சொன்னேன்.

கப்பல்காரர் அதோடு விடவில்லை. சண்டை தொடங்கி, கடலில் இறங்கத் தடை வந்திருந்த காலம் அது. “கடலிலை பாக்க வழியில்லை. உங்கடை ஊரிலை தண்ணி இருக்காமே, அங்கை பாப்பம்” என்று சொல்லியனுப்பினார். வைரவருக்குப் பொங்கிப் படைக்கிற மடை அன்று, வாடகைக்குப் பிடித்த பழைய மொறிஸ் காரில், மனைவியோடும் மூத்த மகளோடும் வந்து இறங்கினார். பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை போவதுதான் வழக்கம். இங்கே மாப்பிள்ளையைப் பார்க்கப் பெண் வந்தார். என் அம்மாவுக்கு அதுவே பெரிய மனக்குறை.

பூசணிக்காய்

பூசை முடிந்ததும் கப்பல்காரர் பாறையில் நின்று தண்ணீரை எட்டிப் பார்த்தார்.

“நல்ல தண்ணி. தம்பி, ஒருக்கா இறங்கிக் காட்டும்.”

நான் சாரம் மாற்ற வீட்டுக்கு ஓட வெளிக்கிட்டேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

“எடேய், சம்பந்திப் பகுதிக்கு முன்னாலை சாரத்தோடை நிண்டால் என்ன நினைப்பினம்? வேட்டியோடை இறங்கு.”

“வேட்டி நிக்காது அம்மா.”

“நல்லாக் கஞ்சி போட்டது. நிக்கும்.”

பச்சைக் கரை போட்ட புது எட்டு முழ வேட்டி. கொடுக்குக் கட்டலாம் என்றால், பெண்ணின் முன்னால் பின்புறம் தெரிய நிற்க வெட்கம். இடுப்பில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்துத் தரகரிடம் கொடுத்தேன். படத்தில் பார்த்த முகம் அவருக்குப் பின்னால் நின்றது. அந்த நேரத்தில் உலக்கை குதிப்பதா? உலக்கை குதித்து யாராவது கலியாணம் கட்டியிருக்கிறார்களா?

“வைரவரே!” என்று கத்திக்கொண்டு பூசணிக்காய் குதித்தேன்.

தண்ணீரைத் தொட்ட அந்தக் கணமே, அம்மா போட்ட கஞ்சியின் குணம் தெரிந்தது. வேட்டி காற்றைப் பிடித்துக் குடைபோல விரிந்து, தலைக்கு மேலே ஏறி, முகத்தைச் சுற்றிக்கொண்டது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. மூக்கில் தண்ணீர். உயிரா வேட்டியா என்று வந்தபோது வேட்டியை விட்டேன். கையில் ஏதோ கல் பட்டது. பிடித்து எழும்பி மூச்சு எடுத்தேன்.

ஆலம் வேரைக் காணவில்லை. வேட்டி என்னைத் திருப்பி விட்டிருந்தது. நான் எழும்பியது குதித்த பாறைக்கே கீழே, பொந்துக்குள். வேர் அக்கரையில். நடுவில் முழுத் தண்ணீர்.

பச்சைக் கரை தண்ணீருக்குள் ஆடி ஆடிக் கீழே போவதைப் பார்த்தேன். நிதானமாகத்தான் போனது.

மேலே கேட்ட சத்தங்கள்

மேலே நிற்பவர்களின் கண்ணுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவர்களின் சத்தம் மட்டும் கேட்டது.

முதலில் கைதட்டல். பிறகு, “எங்கை ஆளைக் காணேல்லை?” பிறகு அம்மா தொடங்கினார்.

வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னால் முடிந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் சொன்னவுடன் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்களே! அம்மா கொஞ்சம் அழட்டும், பெண் பகுதியைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், பிறகு சத்தமில்லாமல் ஒருவனைக் கூப்பிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

“ஒருத்தரும் அழாதேங்கோ!” ஆசை மாமாவின் குரல். அதில் துக்கத்தைவிட வேறு ஏதோ கூடுதலாக இருந்தது. “சுரங்கம் இழுத்திட்டுது. இப்ப வெளிக்கிட்டால் கீரிமலையிலை ஆளைப் பிடிக்கலாம்.”

“உயிரோடையோ அண்ணை?” என்று யாரோ கேட்டார்கள்.

“உயிரோடை வந்தாலும் அங்கைதான் வருவான். இல்லாட்டியும் கிரியைக்கு அங்கைதானே போகவேணும். எடுங்கோடா சைக்கிளை!”

சைக்கிள் மணிகள் கூட்டமாகக் கிளம்பி ஒழுங்கை வழியே தேய்ந்து போயின. எனக்குக் கயிறு போடக்கூடிய இளந்தாரிகள் எல்லாரும் என்னைத் தேடிக் கீரிமலைக்குப் போய்விட்டார்கள்.

கோயில் நாய்க்கு மட்டும் விசயம் தெரிந்தது. எதிர்ப்பக்கத்துப் பற்றையைச் சுற்றி வந்து, என்னை நேருக்கு நேர் பார்த்து வாலை ஆட்டியது. போ, போ என்று கண்ணால் கெஞ்சினேன். வைரவரின் வாகனம் அல்லவா, இருந்து வடிவாகப் பார்த்தது.

அப்போதுதான் கப்பல்காரரின் குரல் கேட்டது.

“இந்தாரும் தரகர், கைமணிக்கூட்டைப் பிடியும். நான் இறங்கிறன்.”

“அப்பா, நில்லுங்கோ.” அது ஒரு பெண்குரல். பதறாத குரல். “உங்களுக்கு நெஞ்சு வருத்தம். நான் இறங்கிறன்.”

“பிள்ளை, உனக்கு அடி தெரியாத தண்ணி...”

“தொண்டைமானாற்றிலை மட்டும் அடி தெரிஞ்சே இறக்கினனீங்கள்? அம்மா, இந்தக் காப்பைப் பிடியுங்கோ.”

காப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கழன்ற சத்தம் எனக்குக் கேட்டது. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகுகிற சத்தம்கூடக் கேட்டதாகத்தான் இன்றும் நினைக்கிறேன். செருப்பு இரண்டும் பாறையில் விழுந்தன. என் தலைக்கு மேலே வெறுங்கால் வந்து நின்றது. விளிம்பிலிருந்து சின்னக் கல் ஒன்று உதிர்ந்து எனக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தது.

பிள்ளைகளே, யோசித்துப் பாருங்கள். அவர் குதித்தால் எழும்பி வருவது எனக்கு முன்னால்.

நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் எடுத்துக் கத்தினேன்.

“குதியாதேங்கோ! நான் உயிரோடை இருக்கிறன்! வேட்டிதான் இல்லை!”

பொந்துக்குள் நின்று கத்தியபடியால் அது எதிரொலித்தது. வேட்டிதான் இல்லை, வேட்டிதான் இல்லை என்று இடிகுண்டு முழுக்கச் சொல்லியது. என்னைக் காப்பாற்றச் சொல்லி வைரவருக்கு மணி அடித்துக்கொண்டிருந்த ஐயர் அதை நிறுத்தினார்.

உங்கள் அம்மாவிடம் நான் பேசிய முதல் வசனம் அதுதான்.

நடுவில் உள்ளது

அம்மாவின் ஒப்பாரி பாதியில் அறுந்து, “அறுவானே!” என்று திட்டாக மாறியது. அதற்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் வந்த சிரிப்பு. காப்பைக் கழற்றிய ஆளுடையது.

கப்பல்காரர் பாறையில் படுத்துத் தலையைக் கீழே விட்டார். அவருடைய முகம் தலைகீழாக எனக்குத் தெரிந்தது.

“தம்பி, பொம்பிளையள் எல்லாரும் வைரவரைப் பாத்துக்கொண்டு நிக்கினம். நீந்தி அங்காலை போய் ஏறும்.”

“நீந்தத் தெரியாது ஐயா.”

“என்ன?”

“குதிக்கத் தெரியும். வேரைப் பிடிச்சு ஏறத் தெரியும். நடுவிலை உள்ளதுதான் தெரியாது.”

தலைகீழான அந்த முகம் மேலே போய்விட்டது. அதோடு என் கலியாணமும் மேலே போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. தண்ணீர் அதுவரைக்கும் அவ்வளவு குளிரவில்லை.

கிணற்றுக் கயிறு வந்தது. அதன் நுனியில் என் சால்வை கட்டியிருந்தது. ஐயரும் தரகரும் கப்பல்காரரும் இழுத்தார்கள். பாறை விளிம்பு நெஞ்சைச் சிராய்த்த அடையாளத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சண்டை பிடித்த காயம் என்று சின்னவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது நான் இல்லை.

வந்த வேட்டி

மடைக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாது. நான் சால்வையோடு குந்தியிருந்து வாழையிலையில் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். கப்பல்காரர் எதிரே இருந்து சாப்பிட்டார். நான் தலை நிமிரவில்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு ஒழுங்கையில் சைக்கிள் மணிகள் கேட்டன. முன்னால் ஆசை மாமா. ஹாண்டிலில் ஒரு ஈர வேட்டி கொடிபோலப் பறந்தது.

“வந்திட்டுது! கீரிமலைக் கேணியிலை வந்திட்டுது! ஆள்தான் இன்னும்...”

என்னைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க மறந்துபோய், வேலியில் மோதி நின்றார். நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். சந்தோசப்பட்டார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் கேட்டது இதுதான்:

“எடேய், நீ எந்த வழியாலை எங்களுக்கு முன்னம் வந்தனீ?”

“மாமா, என்ரை வேட்டி பச்சைக் கரை. இது சிவப்புக் கரை.”

“இவ்வளவு தூரம் உப்புத் தண்ணிக்குள்ளாலை வந்தால் நிறம் மாறாதோ?”

அந்த நேரம் பின்னால் இன்னொரு சைக்கிள் வந்தது. அதில் ஈரத் துவாயோடு ஒரு பெரியவர். முதுகில் இன்னும் சவர்க்கார நுரை.

“கள்ளப் பயலுகள்! கேணியிலை குளிச்சுத் தோய்ச்சுக்கொண்டு நிக்க வேட்டியைப் பறிச்சுக்கொண்டு வாறாங்கள்! ‘மருமோன் வந்திட்டான், மருமோன் வந்திட்டான்’ எண்டு அதைக் கட்டிப்பிடிச்சு அழுறான் ஒருத்தன்!”

அவரையும் இருத்தி, இலை போட்டு, பொங்கல் கொடுத்து அனுப்பினோம். ஆசை மாமா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் சண்டையால் கீரிமலைப் பக்கம் ஒருவரும் போகமுடியாமல் பாதை பூட்டியிருந்த வருசங்களிலும், இடிகுண்டுக் கரையில் நின்று, “மேல் பாதையைத்தான் பூட்டியிருக்கினம். கீழ்ப் பாதை திறந்துதான் கிடக்கு” என்று சொல்லுவார்.

வீட்டுக்கு ஒராள்

மொறிஸ் கார் போய்விட்டது. போகும்போது ஒருவரும் ஒரு சொல்லும் தரவில்லை. அம்மா மூன்று நேரமும் கஞ்சியைத் திட்டினார். நான் புகையிலைக்குத் தண்ணீர் கட்டினேன். வாய்க்காலில் அந்த முகம் வந்தது, மூக்கால் சிரித்தது, போனது.

தரகரைக் காணவேயில்லை. ஊருக்குள் வந்தால் அம்மா குடையைப் பறித்து அடிப்பார் என்ற பயம். ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

“தம்பி, நாள் வைக்கட்டாம்.”

எனக்கு விளங்கவில்லை. காருக்குள் நடந்ததை, கூடப் போயிருந்த அவர்தான் சொன்னார். உடுப்பிட்டி வீடு கிட்டினபோதுதான் கப்பல்காரர் மகளைக் கேட்டாராம்.

“என்ன பிள்ளை சொல்லுறாய்? உவனுக்கு நீந்தத் தெரியாதே.”

உங்கள் அம்மா காப்புகளைத் திருப்பிக் கையில் போட்டுக்கொண்டே சொன்னாராம்:

“எனக்குத் தெரியும்தானே அப்பா. வீட்டுக்கு ஒராளுக்குத் தெரிஞ்சால் காணும்.”

கலியாணத்தன்று மாமனார் தட்டத்தில் வைத்துத் தந்தது நாலு விரல் அகலத் தோல் பெல்ற் ஒன்று. வேட்டிக்கு மேலே அதைக் கட்டிக்கொண்டுதான் தாலி கட்டினேன். படத்தில் பார்த்திருப்பீர்கள், ஏன் என்று கேட்டதில்லை.

இன்னுமொன்று. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, சண்டையால் தரைப் பாதைகள் இல்லாமல் கிளாலிக் கடலால் ஊரைவிட்டுப் படகில் வந்தோமே, உங்களுக்கு நினைவிருக்காது. படகு நிறையச் சனம். தண்ணீர் விளிம்பு மட்டத்துக்கு இருந்தது. அங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆலம் வேர் இல்லை. உங்கள் அம்மா சீலை ஒன்றைக் கிழித்து உங்கள் இரண்டு பேரையும் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். மிச்சத் துண்டை என் பெல்ற்றில் கொழுவி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். அதே நேரான பார்வை.

“நான் இருக்கிறன், பயப்பிடாதேங்கோ” என்றார். “நீங்கள் வேட்டியை மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ.”